தொழிலைத் தெரிவு செய்வது பிள்ளையா, லயமா?



சில மாதங்களுக்கு முன் எங்கள் பகுதிப் பாடசாலை ஒன்றில் தொழில் வழிகாட்டல் நாள் நடந்தது. சங்கத்தின் சார்பில் என்னையும் அழைத்திருந்தார்கள். கொழும்பிலிருந்து வந்த அதிகாரி நன்றாகவே பேசினார். "உங்களுக்கு எதில் விருப்பம், எதில் திறமை என்று பாருங்கள். அதற்கேற்ற தொழிலைத் தெரிவு செய்யுங்கள். முயன்றால் முடியாதது ஒன்றுமில்லை" என்றார். பிறகு பிள்ளைகளுக்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். "நான் விரும்பும் தொழில்" என்று போட்டு, அதன் கீழே மூன்று கோடுகள்.

பதினோராம் தரத்துப் பிள்ளை ஒருத்தி முதலாவது கோட்டில் "தாதி" என்று எழுதியிருந்தாள். இரண்டாவதில் "டீச்சர்". மூன்றாவதில் "கொழும்பு".

அதிகாரி அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "கொழும்பு ஒரு தொழிலா, மகள்?" என்று கேட்டார். பிள்ளை தலையைக் குனிந்துகொண்டது. அன்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன். அந்தப் பிள்ளை சொல்லாத பதிலை இன்று இந்தப் பக்கத்தில் சொல்ல வேண்டியது என் கடமை.

ஆமாம் ஐயா, எங்களுக்குக் கொழும்பும் ஒரு தொழில்தான். கடையில் நிற்பதா, வீட்டில் சட்டி கழுவுவதா, கார்மெண்டில் தைப்பதா என்பது பஸ் ஏறிய பிறகு தெரியவரும். பிள்ளை தெரிவு செய்வது தொழிலை அல்ல. லயத்தை விட்டு வெளியேறும் ஒரு வழியை.

"தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலட்சியம் இல்லை" என்று மேடையில் பேசுகிறவர்கள் ஒரு பக்கம். "இளைஞர்கள் தோட்ட வேலைக்கு வருவதில்லை, தொழிலுக்கு ஆள் இல்லை" என்று அழும் கம்பனிக்காரர்கள் இன்னொரு பக்கம். இரண்டு பேரும் குற்றத்தைப் பிள்ளையின் தலையில் போடுகிறார்கள். பதினாறு வயதுப் பிள்ளை தொழிலைத் தெரிவு செய்ய உட்காரும் முன்பே, அதற்காக வேறு யார் யாரோ தெரிவு செய்து முடித்துவிட்டார்கள். அவர்கள் யார் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது: பாடசாலை

அந்தப் பிள்ளை தாதியாக விரும்பியது. அரச தாதியர் பயிற்சிக்கு உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவுப் பாடங்களில் சித்தி கேட்கிறார்கள். அந்தப் பாடசாலையில் உயர்தர விஞ்ஞானப் பிரிவே இல்லை. கலையும் வர்த்தகமும் உள்ள 1சீ பாடசாலை அது. விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் நகரத்தில் உள்ள 1ஏபீ பாடசாலைக்குப் போக வேண்டும். அங்கே இடம் கிடைக்க வேண்டும், தங்க வீடு வேண்டும், இல்லாவிட்டால் தினமும் பஸ்ஸுக்குக் காசு வேண்டும். அங்கேயும் தமிழ் மொழியில் இரசாயனமும் பௌதிகமும் படிப்பிக்க ஆசிரியர் இருக்க வேண்டும்.

அப்படியானால் தாதி என்ற கோட்டை வெட்டியது யார்? பிள்ளைக்கு இலட்சியம் இல்லையா, பாடசாலைக்குப் பிரிவு இல்லையா?

இது நேற்று வந்த குறை அல்ல. இந்த நாட்டில் இலவசக் கல்வி 1945ஆம் ஆண்டு வந்தது. ஆனால் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். அதுவரை நம் தாத்தா பாட்டிகளுக்குக் கிடைத்தது தோட்ட நிர்வாகத்தின் கீழிருந்த ஒற்றை அறைப் பள்ளிக்கூடம். பெயரை எழுதவும் செக்ரோலில் கையொப்பம் போடவும் கற்றால் போதும் என்பது நிர்வாகத்தின் கணக்கு. அதற்கு மேல் படித்தவன் கொழுந்துக்கூடை தூக்க மாட்டான் என்பது அவர்களுக்குத் தெரியும். முப்பது வருடம் பிந்தி ஓட்டத்தைத் தொடங்கியவனைப் பார்த்து "ஏன் பின்னால் நிற்கிறாய்?" என்று கேட்பது எந்த ஊர் நியாயம்?

தலவாக்கலையில் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. தேயிலையைப் பற்றி இந்த நாட்டில் நடக்கும் ஆராய்ச்சிக்கெல்லாம் அதுதான் தலைமை இடம். நம் பிள்ளைகள் அதன் வாசலைப் பார்த்துக்கொண்டே பாடசாலைக்கு நடக்கிறார்கள். தேயிலையைப் பற்றி அந்தப் பிள்ளைகளின் வீட்டில் ஐந்து தலைமுறை அனுபவம் இருக்கிறது. ஆனால் அந்த வாசலுக்குள் ஆராய்ச்சியாளராக நுழைய வேண்டிய விஞ்ஞானப் பிரிவு அவர்கள் படிக்கும் பாடசாலையில் இல்லை.

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் திறமை, 55 வீதம் மாவட்டச் சனத்தொகை, 5 வீதம் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு என்று இருப்பதைக் காட்டுவார்கள். நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருப்பதையும் காட்டுவார்கள். நல்லது. ஆனால் அந்தச் சலுகை மாவட்டத்துக்கு, தோட்டத்துக்கு அல்ல. விஞ்ஞான கூடமும் ஆசிரியர்களும் உள்ள நகரத்துப் பாடசாலையும், கரும்பலகை மட்டும் உள்ள தோட்டத்துப் பாடசாலையும் ஒரே மாவட்டக் கணக்கில் போட்டி போடுகின்றன.

இரண்டாவது: சம்பளம்

2021ஆம் ஆண்டு நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது. அதற்காக எத்தனை வருடம் ரோட்டில் நின்றோம் என்பது உங்களுக்குத் தெரியும். 2024இல் அடிப்படைச் சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்த 1,350 ரூபாவை வைத்தே ஒரு கணக்குப் போடுவோம். மாதம் 25 நாள் முழுப்பேர் விழுந்தால் 33,750 ரூபா. கிலோ குறைந்து அரைப்பேர் போட்ட நாட்கள் இதில் இல்லை. மழைக்கு வேலை நின்ற நாட்கள் இல்லை. ஊழியர் சேமலாப நிதி, தீபாவளி முற்பணம், கடைக்கடன் எல்லாம் இனித்தான் கழிய வேண்டும்.

மிச்சத்தில் அரிசி வாங்க வேண்டும், மா வாங்க வேண்டும், மருந்து வாங்க வேண்டும். அதற்குப் பிறகுதான் டியூசன் காசு. நகரத்துப் பிள்ளைக்கு ஒரு பாடத்துக்கு இரண்டு டியூசன் சேர் இருக்கிறார்கள். நம் பிள்ளைக்கு இரண்டு பாடத்துக்கு ஒரு டியூசன் காசு இருக்கிறது. எதை விடுவது என்று அம்மா முடிவு செய்கிறாள். கணிதத்தை விட்டால் என்ன ஆகும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவள் விட்டது ஒரு பாடத்தை மட்டுமல்ல, அந்தப் பாடத்தால் திறக்கக்கூடிய எத்தனையோ தொழில்களை.

உயர்தரத்துக்கு இரண்டு வருடம். பெறுபேறு வர, பல்கலைக்கழகம் கூப்பிட இன்னும் காலம். கொழும்புக் கடையில் நிற்கும் பெரியம்மா மகன் இந்தத் தைப்பொங்கலுக்குப் புதுப் போனோடு வந்து, அம்மா கையில் காசு கொடுத்துவிட்டுப் போகிறான். பதினாறு வயதுப் பையனுக்கு எது கண்ணுக்குத் தெரியும்? ஐந்து வருடத்துக்குப் பிறகு வரக்கூடிய சான்றிதழா, இப்போது மேசையில் இருக்கும் பணமா? அவனைக் குறை சொல்லாதீர்கள். பசி உள்ள வீட்டில் பொறுமை என்பது பணக்காரப் பொருள்.

மூன்றாவது: லயத்து வீடு

இதைப் பற்றி எந்த வழிகாட்டல் அதிகாரியும் பேசுவதில்லை. நாம் பேச வேண்டும்.

வீடு யாருடையது? தோட்டத்தினுடையது. வேலை செய்கிறவர் இருந்தால்தான் வீடு என்ற பேச்சு இன்றும் எத்தனையோ தோட்டங்களில் நடக்கிறது. அப்பாவுக்கு வயது போய்விட்டது, அம்மாவுக்கு முழங்கால் வலி. "வீட்டுக்கு ஒரு பேராவது வேணும்" என்று கணக்கப்பிள்ளை வந்து சொல்லிவிட்டுப் போகிறார். அன்று இரவு அந்தக் காம்பராவுக்குள் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மூத்த பிள்ளையின் படிப்பு நிற்கும். தம்பி தங்கை படிக்கட்டும் என்று அக்கா பெரட்டுக்குப் போய் நிற்பாள். அவள் தொழிலைத் தெரிவு செய்தாளா? கூரையைக் காப்பாற்றினாள்.

கிராமத்தில் காணி உறுதி உள்ளவர் அதை வங்கியில் வைத்துப் பிள்ளையைப் படிப்பிக்கலாம். நாம் இருநூறு வருடம் இந்த மலையில் உழைத்ததை 2023இல் நினைவுகூர்ந்தோம். அந்த இருநூறு வருடத்துக்குப் பிறகும் வங்கியில் வைக்க ஓர் உறுதி இல்லாத குடும்பங்கள்தான் நம்மில் அதிகம். ஏழு பேர்ச்சஸ் காணி என்பது வீட்டுக்கான கோரிக்கை என்று மட்டும் நினைக்காதீர்கள். அது பிள்ளையின் தொழில் தெரிவுக்கான கோரிக்கையும்கூட.

நான்காவது: தபால்

என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். என் அக்கா மகன் ஒரு பயிற்சி நெறிக்கு விண்ணப்பித்திருந்தான். நேர்முகப் பரீட்சைக்குக் கடிதம் வந்தது. எங்கே வந்தது? தோட்ட ஆபீசுக்கு. அங்கே ஒரு பெட்டியில் கிடந்து, வேறு கடிதங்களோடு சேர்ந்து, ஒரு சனிக்கிழமை அவன் கைக்கு வந்தது. நேர்முகப் பரீட்சை அதற்கு முந்தின புதன்கிழமை முடிந்துவிட்டது. தொலைபேசி எடுத்துக் கேட்டோம். "வராதவர்களை விருப்பமில்லாதவர்கள் என்று எடுத்துக்கொள்வோம்" என்றார்கள்.

விருப்பமில்லாதவன்! அந்தச் சொல்லை நான் மறக்கவில்லை. அவன் இப்போது புறக்கோட்டையில் மூட்டை தூக்குகிறான். அவன் பெயரும் ஏதாவது ஒரு கணக்கில் "தோட்டத்து இளைஞர் தொழிற்பயிற்சியில் ஆர்வம் காட்டுவதில்லை" என்று சேர்ந்திருக்கும்.

லயத்துக்கு இலக்கம் இல்லை, வீதிக்குப் பெயர் இல்லை. ஒரே பெயரில் நாலு பேர் இருக்கும் டிவிசனில் கடிதம் யாருக்கு என்று தெரிவதில்லை. ஒரு முகவரி இல்லாததால் ஒருவனின் வாழ்க்கை திசை மாறிப் போகிறது.

ஐந்தாவது: மொழி

1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி என்று சொன்னது. ஆனால் தொழிற்பயிற்சி நிலையத்துக்குப் போய்ப் பாருங்கள். தமிழ்ப் பிள்ளைகள் அதிகம் வாழும் பகுதியிலும் போதனாசிரியர் சிங்களத்தில்தான் படிப்பிக்கிறார் என்ற முறைப்பாடு சங்கத்துக்கு வந்துகொண்டே இருக்கிறது. வெல்டிங்கில் கை நன்றாக ஓடும் பையன் எழுத்துப் பரீட்சையில் கேள்வி விளங்காமல் உட்கார்ந்திருக்கிறான். சிங்களம் படிப்பது நல்லது, ஆங்கிலம் படிப்பது அதைவிட நல்லது. இரண்டையும் நம் பிள்ளைகள் படிக்கத்தான் வேண்டும். ஆனால் மொழி தெரியாததை வைத்து ஒரு பிள்ளையின் கைத்திறனை அளக்க எவருக்கும் உரிமை கிடையாது.

ஆறாவது: பெண் பிள்ளை என்பது

அம்மா விடியற்காலை மலைக்குப் போக வேண்டும். சின்னப் பிள்ளையைப் பார்ப்பது யார்? அக்கா. அம்மா வெளிநாட்டுக்குப் போய்விட்டால் அடுப்படியைப் பார்ப்பது யார்? அதே அக்கா. தம்பி பரீட்சைக்குப் படிக்கும்போது தேநீர் ஊற்றிக் கொடுப்பது யார்? அவளேதான். பிறகு "பொம்பளைப் பிள்ளையைத் தூர இடத்துக்குப் படிக்க அனுப்ப முடியுமா?" என்று கேட்கிறோம். தூரப் பாடசாலைக்கு அனுப்பப் பயப்படும் நாம், தெரியாத தரகரோடு கொழும்பு வீட்டு வேலைக்கு அனுப்ப மட்டும் எப்படித் துணிகிறோம்? தாய்மார்களே, தகப்பன்மார்களே, இந்தக் கேள்வியை நம் மனதிடமே கேட்போம்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். பதினாறு வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 2021இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி பதினாறு வயதுக்குக் குறைந்த பிள்ளையை வேலைக்கு வைப்பது குற்றம். தரகர் வாசலுக்கு வந்தால் இதைச் சொல்லி அனுப்புங்கள். போகவில்லை என்றால் சங்கக் காரியாலயத்துக்கு அறிவியுங்கள்.

நம் வீட்டுக் குற்றமும் இருக்கிறது

இவ்வளவும் மற்றவர்களைப் பற்றிச் சொன்னேன். நம்மைப் பற்றியும் சொல்லாவிட்டால் இது நேர்மையான எழுத்து ஆகாது.

"இவனுக்குப் படிப்பு ஏறாது" என்று பிள்ளைக்கு முன்னாலேயே சொல்லும் பெற்றோர் நம்மில் இருக்கிறார்கள். சம்பள நாளில் சாராயக் கடைக்குப் போன காசு டியூசன் காசாக இருந்திருக்கலாம். கோயில் திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் நாம், டிவிசனில் ஒரு வாசிகசாலைக்கு எத்தனை முறை வசூலித்தோம்?

தொழிற்சங்கங்களும் குற்றவாளிகளே. நம் சங்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். தேர்தல் வந்தால் "உங்கள் பிள்ளைக்கு வேலை எடுத்துத் தருகிறோம்" என்று பேசுவது நம் மேடைகளின் பழக்கமாகிவிட்டது. தலைவரிடம் ஒரு கடிதம் வாங்கினால் வேலை கிடைக்கும் என்று இளைஞர்களைக் காரியாலய வாசலில் காக்க வைத்தோம். அந்தக் காலத்தில் ஒரு தொழிலைப் பழகியிருந்தால் அவன் இன்று சொந்தக் காலில் நின்றிருப்பான்.

அப்படி எடுத்துக் கொடுத்த வேலையும் எப்படி இருந்தது? பத்து வருடத்துக்கு முன் தோட்டப் பாடசாலைகளுக்கு ஆசிரியர் உதவியாளர்களாக நம் பிள்ளைகளை எடுத்தார்கள். மாதம் 6,000 ரூபா கொடுப்பனவு. பிறகு அது 10,000 ரூபா ஆனது. உயர்தரம் சித்தியடைந்து வகுப்பறையில் நின்ற பிள்ளைக்கு, அன்று மலையில் கொழுந்து எடுத்த அம்மாவின் சம்பளம்கூட இல்லை. கௌரவம் என்று சொல்லி மலிவு உழைப்பை வாங்கினார்கள். நாமும் மாலை போட்டு வரவேற்றோம்.

டீச்சர், கிராம சேவகர், கிளார்க். இந்த மூன்றைத் தவிர வேறு எதுவும் உத்தியோகம் இல்லை என்ற எண்ணத்தையும் நாம்தான் பிள்ளைகளுக்கு ஊட்டினோம். மின்னிணைப்பு செய்கிறவன், குழாய் பொருத்துகிறவன், வாகனம் திருத்துகிறவன் எல்லாம் "படிப்பு வராதவன்" என்று நினைத்தோம். உயர்தரத்தில் தவறிய பிள்ளை வீட்டில் வெட்கப்பட்டு உட்கார்ந்திருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

கம்பனிக்காரர்களுக்கு ஒரு பதில்

"இளைஞர்கள் வருவதில்லை" என்கிறீர்கள். ஏன் வர வேண்டும்? கொழுந்து எடுப்பதை நாங்கள் ஒருபோதும் கேவலமாக நினைத்ததில்லை. அந்தக் கையால்தான் எங்களை வளர்த்தார்கள். ஆனால் பதினெட்டு வயதில் பேர் பதிகிறவள் ஐம்பத்தைந்து வயதிலும் அதே கூடையோடு அதே மலையில் நிற்கிறாள். முப்பத்தேழு வருட அனுபவத்துக்கு ஒரு படி உயர்வு கிடையாது. கங்காணிக்கு மேல் ஏற ஏணி கிடையாது. 1992இல் தோட்டங்களின் நிர்வாகம் கம்பனிகளின் கைக்கு வந்தது. அன்றிலிருந்து இன்று வரை உங்கள் தோட்டங்களில் கொழுந்து எடுத்த தாயின் பிள்ளைகளில் எத்தனை பேரைச் சின்னத் துரையாக எடுத்தீர்கள்? அந்தப் பட்டியலை வெளியிடுங்கள். பிறகு ஆள் பற்றாக்குறையைப் பற்றிப் பேசுவோம்.

நாம் கேட்பது என்ன?

1. ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழ் மொழியில் விஞ்ஞானம், கணிதம், தொழில்நுட்பம் மூன்றும் உள்ள பாடசாலை வேண்டும். தூரத்துப் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, பாதுகாப்பான விடுதி வேண்டும்.

2. ஒவ்வொரு லயத்து வீட்டுக்கும் இலக்கம் வேண்டும். தபால் நேராக வீட்டுக்கு வர வேண்டும்.

3. வீட்டையும் வேலையையும் ஒன்றோடு ஒன்று கட்டிப்போடுவது ஒழிய வேண்டும். காணியும் உறுதியும் வேண்டும்.

4. மலையகத்தில் உள்ள அரச தொழிற்பயிற்சி நிலையங்களில் போதனையும் பரீட்சையும் தமிழிலும் நடக்க வேண்டும்.

5. தோட்ட உத்தியோகத்தர், உதவி முகாமையாளர் பதவிகளுக்குத் தொழிலாளர் பிள்ளைகளைப் பயிற்றுவித்து எடுக்க வேண்டும். இதைப் பேச்சு மேசையில் சம்பளத்துக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

கோரிக்கை வெல்லும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. இந்த மாதமே செய்யக்கூடியவை இருக்கின்றன.

தேசிய தொழில் தகைமை, அதாவது என்விகியூ, ஏழு மட்டம் கொண்டது. மூன்றும் நான்கும் கைவினைச் சான்றிதழ். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழு பட்டத்துக்குச் சமம். சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளை சேரக்கூடிய பயிற்சிகளும் அதில் நிறைய இருக்கின்றன. தொழிற் பயிற்சி அதிகார சபை, நைட்டா, தொழில்நுட்பக் கல்லூரி ஆகியவற்றின் விண்ணப்பத் திகதிகளை ஒவ்வொரு தோட்டக் கமிட்டியும் பெரட்டுக்களத்தில் எழுதி ஒட்ட வேண்டும். ஏற்கெனவே கொழும்பில் மேசன் வேலையோ, பேக்கரி வேலையோ, வயரிங் வேலையோ சில வருடம் செய்த பிள்ளைகள் திரும்பவும் முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை. அவர்களுடைய அனுபவத்தைப் பரிசோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் முறை இருக்கிறது. கையில் தொழில் இருந்தும் சான்றிதழ் இல்லாததால் பாதிச் சம்பளம் வாங்குகிறவர்கள் அதைப் பயன்படுத்த வேண்டும்.

பிறப்புச் சான்றிதழில் பெயர்ப் பிழை இருந்தால் இப்போதே திருத்துங்கள். பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். நேர்முகப் பரீட்சைக்கு முதல் நாள் கிராம சேவகரைத் தேடி ஓடாதீர்கள்.

பாடப் பிரிவைப் பற்றிய பேச்சை உயர்தரத்துக்கு விட்டுவிடாதீர்கள். ஒன்பதாம் தரத்திலேயே பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் வகுப்பு சேரிடம், டீச்சரிடம் போய்க் கேளுங்கள். "நான் படிக்காதவள், எனக்கென்ன தெரியும்" என்று ஒதுங்காதீர்கள் அம்மா. கேட்பதற்குப் படிப்பு தேவையில்லை.

மாதர் கமிட்டித் தோழிகளே, தோட்ட ஆபீசில் கிடக்கும் கடிதங்களுக்கு ஒரு கொப்பி போடுங்கள். எந்தத் திகதியில் வந்தது, எந்தத் திகதியில் கொடுத்தார்கள் என்று எழுதுங்கள். மூன்று மாதம் எழுதினால் போதும். அந்தக் கொப்பியோடு பிரதேச செயலகத்துக்குப் போவோம். யார் விருப்பமில்லாதவன் என்று அங்கே கேட்போம்.

கடைசியாக அந்தப் பதினோராம் தரத்துப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை. மகளே, நீ முதலாவது கோட்டில் எழுதியதை அழித்துவிடாதே. உன்னைப் பார்த்து அந்த ஐயா சிரித்தபோது பேசாமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள். மூன்றாவது கோட்டில் நீ எழுதியது உன் தவறல்ல. வருகிற வருடம் உன் தங்கையிடம் அதே படிவத்தைக் கொடுக்கும்போது, அந்தக் கோட்டிலும் அவள் ஒரு தொழிலின் பெயரை எழுத வேண்டும். அதற்காகத்தான் இந்தச் சங்கம். அதற்காகத்தான் உன் அம்மா மாதா மாதம் சந்தா கட்டுகிறாள்.

பிள்ளையின் தொழிலைப் பிள்ளையே தெரிவு செய்யும் நாள் வரை போராடுவோம், தோழர்களே!